வெள்ளவத்தை ரயிலும் ஒரு மவுத் ஆர்கன் இசைத்தட்டும்

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவை வெளியே எடுத்தார். உள்ளே முழுக்க மவுத் ஆர்கன். “விற்பதற்கா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். வாசிப்பதற்கு என்றேன். “எல்லாமுமா?” ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதி என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, வாசித்துக் காட்டு என்றார். எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் குடியிருப்பது. ஆனால் வரிசையில் பின்னால் நின்றவர்கள் அதைவிடக் கோபமாக இருந்தார்கள். இரண்டு வரி வாசித்தேன். அதிகாரி டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டு, “யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் நான் வந்ததே அதற்காகத்தான்.

நான் பெரம்பூரில் குளிர்சாதனப் பெட்டியும் ஏசியும் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முந்தின வாரம் ஒரு கம்ப்ரசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளவத்தையிலிருந்து மனோகரி போன் செய்தார். என் நண்பர் சிவநேசனின் மனைவி. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கமாக வீண் பேச்சு பேசமாட்டார்.

“மூர்த்தி அண்ணா, இவர் மூச்சுப் பயிற்சி செய்யிறாரே இல்லை. டொக்டர் தந்த சாமான் அப்பிடியே கிடக்கு. நான் சொன்னாச் சண்டை. நீங்கள் ஒருக்கா வந்து கதைச்சால் கேப்பார்.”

விஷயம் இதுதான். நேசனின் வலது நுரையீரலில் ஒரு கட்டி. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், தள்ளிப்போட்டால் பரவிவிடும் என்று அறுவை சிகிச்சை டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு கருவிக்குள் ஊதிக் காட்ட வேண்டும். மிச்சமிருக்கும் நுரையீரல் தாங்குமா என்று அதில்தான் தெரியும். நேசன் ஊதினார். போதாது என்றது கருவி. இந்த மூச்சை நம்பிக் கத்தி வைக்க மாட்டேன், பயிற்சி செய்துவிட்டு வெள்ளிக்கிழமை மறுபடி வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வாழ்நாளெல்லாம் மவுத் ஆர்கன் ஊதிய மனிதருக்கு மூச்சு போதவில்லை என்றால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது. அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

திங்கட்கிழமை மாலை வெள்ளவத்தையில் இறங்கியபோது, கடலை ஒட்டிப் போகும் ரயில் ஒன்று கட்டடங்களுக்கு நடுவே தடதடத்தது. நேசனின் வீடு அந்தத் தண்டவாளத்தைப் பார்த்த அடுக்குமாடியில் இருக்கிறது. கதவைத் திறந்தவரைப் பார்த்து அதிர்ந்துவிட்டேன். கழுத்து எலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது.

“ஐசே, உம்மை ஆர் வரச் சொன்னது?” என்றார். சொல்லிவிட்டு என் பையைப் பிடுங்கி உள்ளே வைத்தார். அப்படித்தான் அவர் வரவேற்பார்.

வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியின் மேல் டாக்டர் கொடுத்த சாமான் இருந்தது. பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே மூன்று பந்துகள், ஒரு குழாய். குழாய் வழியே மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே ஏற வேண்டும். சுற்றியிருந்த உறையைக்கூட அவர் கிழிக்கவில்லை. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். சாப்பிட வாரும் என்று பேச்சை மாற்றினார்.

இடியப்பம், தேங்காய்ப்பாலில் செய்த சொதி, தேங்காய்ச் சம்பல். எங்கள் ஊரில் இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டு ஒரு குழந்தைப் பண்டமாக்கி வைத்திருக்கிறோம். இங்கே அது முறையான சாப்பாடு. நான் அடுக்கிக்கொண்டே போனேன். நேசன் ஒன்றைப் பிய்த்து வைத்துக்கொண்டு விளையாடினார். மனோகரி அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

எங்கள் நட்பு ஒரு இசைத்தட்டினால் வந்தது. சிகாகோவில் ஒரு கறுப்பினக் கலைஞர் அரை நூற்றாண்டுக்கும் முன்னால் வாசித்துப் பதிவு செய்த தட்டு. மவுத் ஆர்கனையும் ஒரு மைக்கையும் ஒரே கைக்குள் பொத்தி வைத்து, பழைய ஒலிபெருக்கிப் பெட்டி வழியாக வாசித்திருப்பார். எனக்கு அது பெரம்பூர் ரயில்வே குடியிருப்பிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடமிருந்து கிடைத்தது. நேசனுக்கு அவர் வேலை பார்த்த கப்பல் கம்பெனியில் யாரோ மாலுமி கொடுத்தது. தனித்தனியாக இரண்டு பேரும் அதை வாசித்துப் பார்த்து, தனித்தனியாக ஒரே தப்பைச் செய்திருக்கிறோம்.

நம் மெல்லிசைக் குழுக்களில் பாட்டு என்ன சுருதியோ அந்த எழுத்து பொறித்த மவுத் ஆர்கனைத்தான் எடுப்போம். அதுதான் முறை. அந்தத் தட்டுக்கும் அப்படியே எடுத்து ஊதி ஊதி உதடு புண்ணானதுதான் மிச்சம். தட்டுதான் வளைந்திருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். கப்பலில் வெயில் பட்டுக் கெட்டுவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். இணையத்தில் ஒரு மவுத் ஆர்கன் குழுவில் அவர் இதை எழுதியிருந்ததைப் படித்துத்தான் நான் சிரித்து, அவரோடு பேச ஆரம்பித்தேன். பிறகு இருவருமாக முட்டி மோதிக் கண்டுபிடித்தோம். அந்த மனிதர் வேண்டுமென்றே வேறு சுருதி வாத்தியத்தை எடுத்து, ஊதுவதைக் குறைத்து, மூச்சை உள்ளே இழுத்து வாசிக்கிறார். இழுக்கும்போதுதான் அந்தச் சுரங்கள் வளைந்து அழுகின்றன.

அந்தத் தட்டு ஏன் இன்னும் பழசாகவில்லை என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. அதில் வித்தை காட்டல் கிடையாது. வாடகை கேட்கிற வீட்டுக்காரன், திரும்பி வராத பெண், குளிர் என்று சாதாரணத் துன்பங்கள்தான். அவர் பாடி முடித்து வாத்தியத்தை வாயில் வைப்பதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் டிரம்ஸ்காரர் காத்திருக்கிறார், நாமும் காத்திருக்கிறோம். ஆயிரம் தடவை கேட்டவனுக்கும் அடுத்து என்ன வரும் என்று ஒரு நொடி சந்தேகம் வருகிறது. நான் கடையில் மனம் உடைந்து உட்கார்ந்த நாட்களில் எல்லாம் அந்தத் தட்டைத்தான் போட்டிருக்கிறேன். அது என்னைத் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, காலி நகரம் நோக்கிப் போகும் காலி வீதியில் ஒரு சைவக் கடையில் தோசை சாப்பிட்டோம். சாம்பாரை இவர்கள் நம்மளவு மதிப்பதில்லை, சம்பல்தான் ராஜா. காபி கேட்டேன். வந்ததைக் குடித்துவிட்டு, இனி இந்த ஊரில் தேநீர்தான் என்று தீர்மானித்தேன். வீடு திரும்பும் குறுக்குத் தெருவில் நேசன் இரண்டு தடவை நின்றார். கடையின் விளம்பரப் பலகையைப் படிப்பதுபோல் பாவனை செய்தார். ஒரு பலகையில் எழுத்தே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உறையைக் கிழித்து அந்தச் சாமானை அவர் முன்னால் வைத்தேன். “நாளான்னைக்கு மறுநாள் டெஸ்ட். என்னதான் நினைச்சிட்டு இருக்கீங்க?” என்றேன்.

“எனக்கு உந்த விளையாட்டுச் சாமான் வேண்டாம். என்ர பயிற்சி எனக்குத் தெரியும்.”

மாடத்துக்குப் போய் மவுத் ஆர்கனை எடுத்தார். எதிரே கடல், கீழே தண்டவாளம். அந்தத் தட்டின் முதல் பாட்டை ஆரம்பித்தார். பாதியில் தெற்கே போகும் ரயில் வந்தது. அவர் நிறுத்தவில்லை. இன்னும் பலமாக ஊதினார், கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. இப்படித்தான் அவர் இத்தனை காலமும் பழகியிருக்கிறார். ரயிலுக்கு மேலே தன் சத்தம் கேட்டால்தான் வாசிப்பு என்று ஒரு கணக்கு. ரயில் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த இருமல் போகவில்லை. முகம் நீலம் பாரித்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். மனோகரி ஓடிவந்து முதுகைத் தடவினார்.

இருமல் அடங்கியதும் நேசன் என்னைப் பார்த்துச் சொன்னார். “பாத்தீர்தானே? இப்பவே இப்பிடி. வெட்டி எடுத்தால் இதுவும் இல்லை.”

அப்போதுதான் அவருக்குக் கட்டியைவிடக் கத்தி மேல்தான் பயம் என்று எனக்குப் புரிந்தது.

கொட்டாஞ்சேனையில் அவருக்கு ஜோ என்று ஒரு கூட்டாளி. கல்யாண வீடுகளில் கிட்டார் வாசிப்பவர். மூடிவிட்ட ஒரு ஹோட்டலிலிருந்து பழைய வால்வு ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை வாங்கியிருப்பதாகவும், என்னைக் கூட்டிக்கொண்டு வரும்படியும் அன்று மாலை போன் செய்தார். மனோகரி தடுத்தார். நேசன் பிடிவாதம் பிடித்தார். நான் குறுக்கே விழுந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எந்த தைரியத்தில் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புதன்கிழமை ஆட்டோவில் போனோம். கோட்டைப் பகுதியைத் தாண்டியதும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குள் மாட்டிக்கொண்டோம். முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி, இரண்டு பக்கமும் புகை. வண்டி நகரவே இல்லை. நேசன் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு விடும்போது சீட்டியடித்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். நேசன் இல்லை என்று தலையாட்டினார். ஓட்டுநர் மறுபடி கேட்டார், இந்தத் தடவை என்னைப் பார்த்து. எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. பயத்தில் நான் தமிழில் கத்தினேன். அவர் நடைபாதை மேல் வண்டியை ஏற்றி, ஒரு சந்துக்குள் நுழைந்து, இரண்டு வீட்டுத் துணிக்கொடிகளுக்குக் கீழே ஓட்டி வெளியே கொண்டுவந்தார்.

இறங்கும்போது அவர் என்ன கேட்டார் என்று நேசனிடம் விசாரித்தேன். “ஆஸ்பத்திரிக்கு விடட்டோ, காசு வேண்டாம் எண்டவன்” என்றார்.

ஜோவின் வீடு தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். வாசலிலேயே நேசனின் நிலையைப் பார்த்துவிட்டு ஜோ நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மனைவி பால் சேர்க்காத பிளேன்டீயும் சூடான மீன் ரோல்ஸும் கொண்டுவந்தார். பெட்டி மூலையில் இருந்தது. பெரிய டிரான்சிஸ்டர் அளவுதான். அதோடு ஒரு உருண்டை மைக்.

“மைக் தெமட்டகொடையில ஒரு டாக்சி ஒபிசில கிடந்தது. இதுக்குள்ளதான் டிரைவர்மாரை ஏசியிருக்கிறாங்கள்” என்றார் ஜோ.

வால்வுகள் சூடேறிச் சிவந்தன. நேசன் மைக்கையும் மவுத் ஆர்கனையும் ஒன்றாகப் பொத்திப் பிடித்து, தன் வழக்கப்படி ஒரு இழு இழுத்தார். பெட்டி ஊளையிட்டது. தெரு நாய் பதில் சொன்னது. மறுபடி. மறுபடியும் ஊளை. நேசன் இருமிக்கொண்டே வாத்தியத்தை மேசையில் வைத்துவிட்டார்.

“மச்சான், நீ ஆரோட சண்டை பிடிக்கிறாய்?” என்றார் ஜோ. “இங்க ரெயினும் இல்லை கடலும் இல்லை. பெலத்து இழுக்காத. பக்கத்தில பிள்ளை படுத்திருக்கு எண்டு நினைச்சுக்கொண்டு மெல்ல இழு. கத்திற வேலையைப் பெட்டி பாக்கும்.”

நேசன் வேண்டாவெறுப்பாக எடுத்தார். அவரிடம் அப்போது சண்டை போட மூச்சும் இல்லை. அந்த இயலாமையில்தான் மெல்ல இழுத்தார், பாயசத்தின் சூடு பார்ப்பதுபோல.

பெட்டியிலிருந்து அந்தத் தட்டு வந்தது. அந்தத் தடித்த, கரகரத்த, அடிவயிற்றைப் பிசையும் குரல். என் உடம்பு புல்லரித்தது. நானும் பெரம்பூரில் ரயில் பெட்டிகளைத் தள்ளும் ஷண்டிங் எஞ்சின்களின் சத்தத்தோடு மல்லுக்கட்டி ஊதியவன்தான். அந்தச் சிகாகோ மனிதர் பெரிய மார்பை வைத்துக்கொண்டு புயலாக வாசித்தார் என்று நாங்கள் இருவரும் நம்பியிருந்தோம். அவர் புயலே இல்லை. சிக்கனக்காரர். சின்ன மூச்சைக் கைக்குள் அடக்கி வைத்து, அது பெரிதாவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஜோ கிட்டாரை எடுத்துச் சேர்ந்துகொண்டார். நேசன் அந்தப் பாட்டை முழுக்க வாசித்து முடித்தார். ஒரு தடவைகூட இருமவில்லை. முடித்துவிட்டு மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

திரும்பும்போது ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். நேசன் குவளையைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“ஐசே, ஒண்டு சொல்லுறன், மனோவுக்குச் சொல்லிப்போடாதேயும். போன முறை டெஸ்டில நான் வேணுமெண்டுதான் மெல்ல ஊதினனான்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“முழுக்க ஊதினால் வெட்டுவினம். வெட்டினால் வாசிக்க ஏலாது. அதுதான் பாதியில விட்டனான். உந்த மெசினுக்கென்ன தெரியும்?”

எழுந்து வெளியே போய்விட்டேன். அங்கேயே இருந்தால் கை நீட்டியிருப்பேன். வெயிலில் நின்று, மனோகரியின் போன் குரலை நினைத்துக்கொண்டேன். பிறகு திரும்பி வந்து, “உங்களை நாலு சாத்து சாத்தணும்” என்றேன். “சாத்தும்” என்றார். கண் கலங்கியிருந்தது. “ஆனா இண்டைக்கு வாசிச்சனான்தானே” என்றார். வெள்ளிக்கிழமை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் தேநீருக்குக் காசு எடுத்து வைத்தார்.

வியாழக்கிழமை எனக்கு நரகம். நேசன் காலையிலேயே அந்தப் பந்துச் சாமானை மடியில் வைத்துக்கொண்டு குழாயை வாயில் வைத்தார். ஒரு பந்து ஏறியது, இரண்டாவது ஆடியது. அறையின் மறுபக்கம் மனோகரி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். கணவர் பயிற்சி செய்வதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மத்தியானம் எனக்கென்று நண்டுக் கறி சமைத்தார். ஓட்டை உடைத்துத் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். “நீங்கள் வந்ததாலதான் அண்ணா” என்றார். பயிற்சி செய்வது பெரிதல்ல, நாளைக்கு அந்த மனிதர் மறுபடி பாதியில் விட்டால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் நண்டு தின்றுகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் குளிர் அதிகம். ஏசிக்காரன் என்ற முறையில் எந்த இடத்திலும் முதலில் அதைத்தான் கவனிப்பேன், அன்று அதைக் கவனித்தது வேறு எதையும் நினைக்காமல் இருக்க. நேசனை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு முழுக்கச் சாத்தவில்லை. ஓர் இளம்பெண்ணின் குரல் கேட்டது. “நல்லா உள்ளுக்க இழுங்கோ… இப்ப ஊதுங்கோ, ஊதுங்கோ, ஊதுங்கோ, விடாதேங்கோ!” பிறகு, “இன்னொருக்கா.”

நான் நாற்காலியின் கையைப் பிடித்திருந்தேன். மனோகரி கைப்பையை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். கடைசி முறை உள்ளேயிருந்து வந்த மூச்சு எங்களுக்கே கேட்டது. நீண்டு, கரகரத்து, தீர்ந்து, தீர்ந்த பிறகும் கொஞ்சம் வந்தது. மனோகரி கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் மூவரையும் தன் அறையில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் தாளைப் பார்த்தார், பழைய தாளையும் பார்த்தார். “இது நல்லா இருக்கு. போன முறை என்ன நடந்தது?” நேசன் தரையைப் பார்த்தார். டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை. “செவ்வாய்க்கிழமை செய்யலாம். என்ன சொல்லுறீங்கள்?”

நேசன் வாயைத் திறந்து மூடினார். “கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுறன், டொக்டர். ஒரு மாதம் தாங்கோ.”

என் ரத்தம் கொதித்தது. ஒரு மாதத்தில் கட்டி என்ன செய்யும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் மனோகரி பேசினார்.

“போன முறையும் நான் அந்தக் கதவுக்கு வெளியிலதான் இருந்தனான். கலியாணம் கட்டின நாளில இருந்து உங்கட மூச்சைக் கேட்டுக்கொண்டு இருக்கிறன். அண்டைக்கு அந்த மெசினுக்குள்ள போனது உங்கட மூச்சில்லை எண்டு எனக்குத் தெரியாதோ?”

நேசன் விறைத்துப்போய் அவரைப் பார்த்தார். “தெரிஞ்சும் ஏன் நீர் ஒண்டும் கேக்கேல்லை?”

“கேட்டால் இல்லையெண்டு சொல்லுவீங்கள். பிறகு அதிலயே நிப்பீங்கள். அதுதான் அண்ணாவைக் கூப்பிட்டனான்.” அவர் குரல் உடைந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “எனக்கு அந்தத் தட்டு ஒருநாளும் பிடிச்சதில்லை. சத்தியமாப் பிடிக்கேல்லை. ஆனா அந்தச் சத்தம் இல்லாத வீட்டில நான் தனிய இருக்க மாட்டன். எனக்கு ஏலாது.”

நேசன், டாக்டருக்கும் எனக்கும் முன்னால், மனைவியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். ஒரு மூச்சு இழுத்தார், சின்ன மூச்சுதான்.

“செவ்வாய்க்கிழமையே செய்யுங்கோ, டொக்டர்” என்றார்.